சடங்குக்கு அடுத்த சனிக்கிழமை

அன்புள்ள தம்பி,

போன பள்ளி விடுமுறைக்கு நானும் உன் அம்மாவும் சிட்னியில் இருந்து மெல்பேர்ன் வந்து உன் வீட்டில் நின்றபோது, உன் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியச் சடங்கு விஷயத்தில் நான் வாயைத் திறந்து உண்டாக்கிய குழப்பத்துக்கு முதலில் விளக்கம் சொல்லவேண்டும். அதன் பிறகு உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கேட்கவேண்டியது சிறிய விஷயம்தான். சடங்கு முடிந்தபின் ஆரணியைப் பழையபடி சனிக்கிழமைகளில் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாயா, மாட்டாயா? இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கேட்கத்தான் பல நாள் போன் எடுத்தேன். நீ "ஹலோ" என்றதும், அங்கே மழை பெய்ததா, மிளகாய்க் கன்றுக்குப் பூச்சி வந்ததா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். உனக்கு என்னைத் தெரியும். எழுதினால்தான் எனக்கு ஒரு வசனத்துக்குப் பின்னால் அடுத்த வசனம் வரும். அதுவும் இந்த முறை ஒழுங்காக வருகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசி.

எல்லாம் ஒரு புத்தகத்தில் தொடங்கியது. புத்தகம் ஆரணியுடையது, அவளுடைய ஆங்கில ரீச்சர் வாசிக்கக் கொடுத்தது. நான் உன் வீட்டுப் பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்த ஒரு பின்னேரம், அவள் வந்து அதை என் மடியில் வைத்தாள். "அப்பப்பா, நீங்க வாசிக்கிற ஆள்தானே. இதை வாசிச்சுப்போட்டு அப்பாவோட கதையுங்கோ" என்றாள். எதைப் பற்றிக் கதைக்கவேண்டும் என்று கேட்டேன். "வாசிச்சாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை வீட்டுப்பாடம் தந்துவிட்டுப் போகிறது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்ததை இன்னொருவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

எழுதியவர் ஒரு பெண். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சிறிய விவசாய ஊரில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் மெக்சிக்கோக்காரர், தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறித்தவர்கள். அப்படி வந்த குடும்பத்துப் பெண்கள் சிலர் தங்களைச் சிக்கானா என்று சொல்லிக்கொள்கிறார்களாம். ஆரணியின் ரீச்சர் முதல் பக்கத்தில் அதைக் குறித்து வைத்திருந்தார். நான் பென்சிலும் கையுமாக வாசித்தேன். இடையிடையே ஸ்பானிய மொழியில் சொற்கள் வரும். ஒவ்வொன்றாகத் தேடி ஓரத்தில் பொருள் எழுதினேன். முதல் வாசிப்பில் யாருக்கு யார் என்ன முறை என்று பிடித்துக்கொண்டேன். இரண்டாம் வாசிப்பில்தான் கதைகளைப் பார்த்தேன். அந்த வீடுகளில் ஆண்பிள்ளைகள் சாப்பிட்டு எழும்பும்வரை பெண்பிள்ளை அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டுப் போடுகிறாள். ஒரு பிள்ளை சத்தமாகச் சிரித்ததற்குத் தாய் தொடையில் கிள்ளுகிறாள். அதே தாய் அதே கதையில், "நல்லாப் படி, என்னைப்போல முதுகு முறியாதே" என்றும் சொல்கிறாள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அவர்களை எனக்கு முதலே தெரியும் என்பதுபோல இருந்தது. ஆனால் எழுதியவர் அந்தத் தாய் தகப்பன்மீது கோபமாக இருக்கிறாரா, பாசமாக இருக்கிறாரா என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டும் இருப்பதுபோலத் தெரிந்தது. கணக்குக்கு ஒரு விடைதான் உண்டு என்று படித்தவன் நான். அந்த இடங்களில் எல்லாம் கேள்விக்குறி போட்டுக்கொண்டு போனேன்.

ஆரணி மூலையை மடித்து வைத்திருந்த கதை ஒன்று இருந்தது. அதை உனக்குச் சொல்லவேண்டும். ஒரு தக்காளித் தோட்டம். தகப்பன் தண்ணீர் கட்டுகிறவர். பெரிய வாய்க்காலில் இருந்து, பாத்திகளுக்கு இடையில் ஓடுகிற ஒவ்வொரு சாலுக்கும் வளைந்த குழாய் போட்டுத் தண்ணீர் இழுக்கவேண்டும். குழாயை வாய்க்காலில் அமுக்கி நிரப்பி, ஒரு முனையை உள்ளங்கையால் மூடி, வரம்புக்கு மேலால் சட்டென்று வீசிக் கையை எடுக்கவேண்டும். காற்றுப் புகுந்தால் தண்ணீர் நின்றுவிடும். மூத்த மகள் எட்டு வயதிலிருந்தே இதைப் பழகியவள், ஒரு குழாயும் தவறவிடமாட்டாள். தம்பிக்காரன் பாதிக்கு மேல் தவறவிடுவான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சீவியத்தைக் கழித்தவன் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் பலமுறை வாசித்தேன். எழுதியவர் தன் கையால் செய்து பார்த்திருக்கிறார், தம்பி. செய்யாதவருக்கு அந்த உள்ளங்கையின் விஷயம் தெரியாது.

அவளுக்குப் பதினைந்து வயதாகிறது. அவர்கள் வழக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் எங்கள் சடங்கு மாதிரி. கோயிலில் பூசை, பெரிய பாவாடை, மண்டபம், விருந்து. அதில் ஒரு முறை இருக்கிறது. சபை நடுவே மகளைக் கதிரையில் இருத்தி, தகப்பன் முழங்காலில் இருந்து, அவள் காலில் இருக்கிற சின்னப்பிள்ளைச் சப்பாத்தைக் கழற்றி, குதி உயர்ந்த செருப்பைத் தன் கையால் மாட்டிவிடவேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து ஆடவேண்டும். அந்தக் கூலிக்காரத் தகப்பன் குனிந்து செருப்பின் வார்ப்பூட்டைப் போடுகிறார். சபையில் எல்லோரும் அழுகிறார்கள். நானும் அழுதேன், சொன்னால் என்ன. அடுத்த திங்கட்கிழமை விடிய அவள் முழித்துப் படுத்திருக்கிறாள். தகப்பன் அறைக்கு வந்து அவளுடைய தம்பியை மட்டும் தட்டி எழுப்புகிறார். வெளியே ட்ரக் கிளம்புகிற சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. நான் பக்கத்தைப் புரட்டினேன். வேறு கதை தொடங்கியிருந்தது. தாள் ஏதும் கழன்று விழுந்துவிட்டதோ என்று பக்க எண்களைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

நான் என்ன விளங்கிக்கொண்டேன் என்றால், ஆரணிக்குச் சடங்கு விருப்பமில்லை, அதைச் சொல்லப் பயந்து புத்தகத்தைத் தந்திருக்கிறாள் என்று. இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க வேறு பொருள் இருக்கமுடியாது என்றே தோன்றியது. மூன்றாம் நாள், என் சீவியத்தில் இல்லாத துணிவோடு குசினிக்குப் போனேன். மருமகளும் அம்மாவும் சீனி அரியதரம் வீட்டில் சுடுவதா, கடையில் எடுப்பதா என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். "பிள்ளைக்குச் சடங்கில விருப்பமில்லைப் போல கிடக்கு. விருப்பமில்லாட்டி விடுங்கோவன்" என்று சொன்னேன்.

மருமகள் கரண்டியை வைத்துவிட்டாள். "ஆர் மாமா சொன்னது? ஆரணியோ?"

"நேரா ஒண்டும் சொல்லேல்ல. ஒரு புத்தகம் தந்தவள்."

"புத்தகமோ!" என்றாள் உன் அம்மா. "மண்டபம் எடுத்தாச்சு, பல்லக்குக்காரருக்குச் சொல்லியாச்சு, கனடாவில இருந்து ஆக்கள் ரிக்கற் போட்டாச்சு. இந்த மனுசன் ஒரு கதைப் புத்தகத்தை வாசிச்சுப்போட்டுச் சடங்கை நிப்பாட்ட வந்து நிக்கிறார்."

அதற்குள் ஆரணி வந்துவிட்டாள். "வாட்? அப்பப்பா! நான் எப்ப வேண்டாம் எண்டு சொன்னனான்? சாறிக் கலர் நான்தான் செலக்ட் பண்ணினனான். பல்லக்கு வேணும் எண்டதும் நான்தான்!"

"அப்ப ஏன் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தந்தனீ?"

"ஓ மை காட். நீங்க லாஸ்ட் பேஜ் வாசிச்சனீங்களா, இல்லையா?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். மருமகள் கண்ணைத் துடைத்தாள். தன் மகளின் மனது தனக்குத் தெரியாதா என்பதுதான் அவளுக்கு வலி, அது நியாயம். அந்த நேரம் பார்த்து நீ தோட்டத்துச் சேற்றோடு பின் கதவால் வந்து, "என்ன நடந்தது?" என்றாய். நீ என்னைப் பார்த்தாய். நான் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன். அதுதான் நடந்தது. மருமகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அடுத்த நாள் சிட்னிக்குப் புறப்படும்போது நேரே கேட்கத்தான் நினைத்தேன், அவள் பயணத்துக்கு இடியப்பம் கட்டித் தந்தாள், அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே வந்தபிறகுதான் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். புத்தகத்தை ஆரணி கேட்டு வாங்கவில்லை, அது என் பையோடு வந்துவிட்டது. அந்தப் பெண் விருந்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பாவாடை பிடித்திருக்கிறது, பாட்டுப் பிடித்திருக்கிறது, தகப்பன் காலைத் தொட்டது பிடித்திருக்கிறது. அவளுக்குப் பிடிக்காதது திங்கட்கிழமை, தகப்பன் அவளை எழுப்பாமல் தோட்டத்துக்குப் போனது. இதைப் பிடிக்க எனக்கு இத்தனை நாள் எடுத்தது. ஆரணி சின்ன வயதிலிருந்து சனிக்கிழமை விடிய உன்னோடு யூட் வண்டியில் ஏறி, கிரான்பர்னுக்கு அப்பால் நீ எடுத்திருக்கிற காணிக்கு வருகிறவள். போன கோடையில் நானும் வந்து பார்த்தேன். மிளகாய்ப் பாத்திக்கும் வெண்டிப் பாத்திக்கும் இடையில் சொட்டுநீர்க் குழாய் வழியே குனிந்து நடந்து, எங்கே கசிகிறது என்று காதால் கண்டுபிடிப்பாள். நீ உரத்த குரலில், "சூப்பவைசர், அங்கால என்ன நிலைமை?" என்று கேட்பாய். அவள், "மூண்டாம் லைன் அடைச்சுக் கிடக்கு, நீங்க ஒழுங்காக் கழுவேல்ல" என்று திருப்பிக் கத்துவாள். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் தகப்பனிடம் அப்படிக் கத்தியதில்லை.

அவள் பெரியபிள்ளையானதோடு அது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று நான் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். நான் அங்கே நின்றபோது, சடங்குக்குப் படம் எடுக்கிறவர் சொன்னார், வெயிலில் திரிந்தால் முகம் கறுத்துச் சாறியின் நிறம் எடுபடாது என்று. மருமகள் அதைக் கேட்டு, சடங்கு முடியும்வரை வேண்டாம் என்றாள். முடியும்வரை என்றுதான் சொன்னாள், எனக்கு நல்ல ஞாபகம். அப்போது ஆரணி உன்னைப் பார்த்து, "அதுக்குப் பிறகு வரலாம்தானே அப்பா?" என்றாள். நீ, "பாப்பம்" என்றாய். தம்பி, அந்தப் "பாப்பம்" என்னுடையது. நீ சின்ன வயதில் எதைக் கேட்டாலும் நான் சொல்வது அதைத்தான். "இல்லை" என்பதுதான் அதன் பொருள் என்று உனக்கும் அக்காவுக்கும் அப்போதே தெரியும். உன் மகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இதன் பிறகு நான் உன் அக்காவிடம் ஒன்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரு ஞாயிறு என்னை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். காரில் ஒரு வசதி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. மரங்களுக்குள் பாதை இறங்குகிற இடத்தில், "பிள்ளை, உன்ர சடங்கு உனக்கு விருப்பமோ, விருப்பமில்லையோ?" என்றேன். ஏறத்தாழ முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வி. அவள் சிரித்தாள்.

"என்னப்பா திடீரெண்டு? எனக்கு நல்ல விருப்பம். அந்த ஊதாச் சாறியை இப்பவும் வைச்சிருக்கிறன்."

எனக்கு நெஞ்சு ஆறியது. அதோடு விட்டிருக்கலாம். "வேற ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன்.

வேகத்தைக் குறைத்து அடுத்த வளைவை எடுத்தாள். பிறகு, "சடங்கு முடிஞ்சு அடுத்த கிழமை நான் வந்தனான்" என்றாள்.

"எங்க?"

"சைக்கிளுக்குக் கிட்ட. நீங்க குளத்துக்கு வெளிக்கிடேக்க. பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்து நிண்டனான். நீங்க ஒண்டும் சொல்லேல்ல. தம்பியைத் தூக்கிப் பாரில ஏத்திக்கொண்டு போட்டீங்க."

உனக்கு இது தெரியாது. நீ அப்போது ஆறு வயதுப் பிள்ளை. நாங்கள் வன்னியில் இருந்த காலம். காலையில் நான் குளக்கட்டுக்குப் போய் நீர்மட்டம் பார்த்து, தண்ணீர் விடுகிற துருசு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதித்துவிட்டுத்தான் கந்தோருக்குப் போவேன். பள்ளி இல்லாத நாட்களில் அக்கா சைக்கிள் பாரில் என்னோடு வருவாள். அளவுகோல் பலகையை என் கண் பிடிப்பதற்கு முன் அவள் வாசித்துச் சொல்லிவிடுவாள். குளம் நிறைந்து வான் பாயப்போகிறதா என்று கமக்காரர் என்னிடம் கேட்டால் அவள்தான் பதில் சொல்வாள். அவர்களும் "அப்ப சரி" என்று போவார்கள். பிறகு நீ வந்தாய். நீ பாரில் நித்திரை தூங்கி விழப் பார்ப்பாய், ஒரு கையால் உன்னையும் ஒரு கையால் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு போவேன். இந்த இரண்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்று எப்போது நின்று மற்றது எப்போது தொடங்கியது என்பது மட்டும் இல்லை. அக்கா சொல்கிற அந்தக் காலை எனக்கு ஞாபகத்தில் இல்லவே இல்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

"அம்மா மறிச்சிருப்பா, பிள்ளை" என்றேன்.

"இல்லையப்பா. அம்மா எனக்கும் சேத்துச் சோறு கட்டித் தந்தவ."

கோயில் வாசலில் இறங்கினோம். அவள் வழக்கம்போல, "சப்பாத்தைக் காருக்குள்ளயே கழட்டி விடுங்கோ, வெளியில குளிர்" என்றாள். அன்று சாமி முன்னால் நின்று என்ன கும்பிட்டேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். நீ சிரிப்பாய், ஆனால் எனக்கு இரண்டாவது சாட்சி தேவைப்பட்டது. அம்மா ரி.வி.யில் இருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், ரெண்டு பார்சல் கட்டினனான். ஒண்டு வீட்டிலயே கிடந்தது. மத்தியானம் நான்தான் சாப்பிட்டனான்" என்றாள். அப்போது ஏன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்றது? தகப்பனுக்கு ஏதோ யோசினையாக்கும் எண்டு விட்டிட்டன்" என்றாள். இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தது, பெண்பிள்ளை வளர்ப்பு பெண்களின் காரியம், அவர்கள் சொன்னபடி நான் நடந்தேன் என்று. இப்போது பார்த்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லாததை நான் கேட்டு நடந்திருக்கிறேன். யாரிடம் கேட்டேன்?

ஆறுதலுக்குக் காரணங்கள் தேடினேன். நாடு இருந்த நிலைமை என்று சொல்லலாம். பாதைகளில் பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்குள் உன்னைக் கூட்டிக்கொண்டுதானே போனேன், ஆறு வயதில். எங்கள் வழக்கம் என்று சொல்லலாம். அக்காவின் சடங்கில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. மாமன் தேங்காய் உடைத்தார், மாமிமார் பாலும் அறுகும் வைத்துத் தலைக்கு வார்த்தார்கள், பெண்கள் ஆலாத்தி எடுத்தார்கள். நான் வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டத்தோடு நின்று வந்தவர்களை வரவேற்றேன். பிள்ளையை உள்ளே வைத்து நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்த நாட்களில் நான் அந்த அறைப்பக்கம் போகவில்லை. பிறகு அவள் சாறியோடு வெளியே வந்தபோது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தகப்பனுக்கு ஒரு வேலை தந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன். பிறகு அந்த மெக்சிக்கோத் தகப்பனை நினைத்தேன். அவருக்கு வேலை தந்திருக்கிறார்கள். அவர் முழங்காலில் இருந்து மகளின் காலைத் தொட்டார். நான் வாசலில் தட்டத்தோடு நின்றேன். அடுத்த கிழமை இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தோம். அப்படியானால் குற்றம் வழக்கத்தில் இல்லையா? இருக்கிறதா? எனக்கு விளங்கவில்லை, தம்பி. அந்தத் தகப்பன்மீது எழுதியவருக்குக் கோபமா, பாசமா என்று முன்பு குழம்பினேன் அல்லவா. இப்போது அக்கா எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிடும்போதெல்லாம் அதே குழப்பம்தான் வருகிறது. அதை அவளிடம் கேட்கத் துணிவில்லை.

ஒரு தகப்பனாக உனக்கு ஏதாவது உறுதியாகச் சொல்லவேண்டும் என்று ஆசை. சொல்ல முயன்றால் எதிர்ப்பக்கமும் சரியாகத்தான் தெரிகிறது. சடங்கை நன்றாகச் செய். பல்லக்கு கொஞ்சம் அதிகம் என்று நான் நினைத்தேன், ஆனால் பிள்ளை ஆசைப்படுகிறாள், ஏறட்டும். வெயிலில் விடாதே என்று சொன்ன படக்காரருக்கு அவர் தொழில் தெரியும். அவர் ஒரு நாளைக்குத்தான் சொன்னார், அவர் சொன்னதை வருசக்கணக்காக நீட்டாதே. நீ வாசலிலேயே நின்றுவிடாதே. உள்ளே போ. போய் என்ன செய்வது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அவளோடு ஏதாவது கதை. மூன்றாம் லைன் அடைத்துக் கிடக்கிறது என்றாவது சொல். பெரியபிள்ளையான மகளிடம் தகப்பன் என்ன பேசுவது என்று நான் ஒருபோதும் கற்கவில்லை, ஆனால் தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதை அக்காவோடு நான் பேசியிருக்கலாம். அவள் இன்று மருந்தகத்தில் வேலை செய்கிறாள், நன்றாக இருக்கிறாள், ஒரு குறையும் சொல்வதில்லை. நீ காணி எடுத்துத் தோட்டம் செய்கிறாய். உன்னைப் பார்த்து, இவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று ஆட்கள் கேட்கும்போது, சின்ன வயதில் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்று பெருமையாகச் சொல்வேன். யாருடைய இடத்தில் உன்னை ஏற்றினேன் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை, எனக்கே தெரியாதபடியால்.

இனிக் கடைசி விஷயம். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். போன ஞாயிறு ஆரணி எனக்குப் போன் எடுத்தாள். அறைக்குள் இருந்து மெல்லக் கதைத்தாள்.

"அப்பப்பா, லாஸ்ட் பேஜ் வாசிச்சீங்களா?"

"வாசிச்சனான், பிள்ளை. இப்ப விளங்குது."

"அப்ப அப்பாவோட கதைச்சீங்களா?"

நான் கதைக்கவில்லை. மழையைப் பற்றித்தான் கதைத்திருந்தேன். "ஓம்" என்றேன்.

"என்ன சொன்னவர்?"

"சடங்கு முடிஞ்சு அடுத்த சனிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போறாராம்."

"ரியலி? பாப்பம் எண்டு சொல்லேல்லையா?"

"இல்லை. கூட்டிக்கொண்டு போறன் எண்டுதான் சொன்னவர்."

லைன் அறுந்துவிட்டதோ என்று, "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிட்டேன். "இருக்கிறன்" என்றாள். பிறகு, "நான் அப்பாட்ட ஒண்டும் கேக்கமாட்டன் அப்பப்பா. கேட்டா மைண்டை மாத்திப்போடுவார். நீங்களும் சொல்லாதேங்கோ" என்றாள். சொல்லமாட்டேன் என்று அதற்கும் வாக்குக் கொடுத்தேன். இந்தக் கடிதத்தோடு அந்த வாக்கும் போய்விட்டது.

இதுதான் நான் செய்தது. இன்னொருவர் பெயரில் நான் வாக்குக் கொடுத்தது கிடையாது, கந்தோரில்கூட மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் ஒரு மதகு திறக்கச் சொன்னதில்லை. உன்னிடம் கேட்காமல் உன் வாயால் பேசிவிட்டேன். சரியா பிழையா என்று நானும் இந்த மேசையில் இருந்து நெடுநேரம் பார்த்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை விடிய நீ யூட்டை எடுக்க வெளியே வரும்போது, அவள் உன்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இருப்பாள், ஏனென்றால் நீ ஓம் என்று சொல்லிவிட்டாய் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. நான் சொன்னது பொய் என்றால் அவளை நீ இறக்கவேண்டும். இறக்காவிட்டால் அது பொய் இல்லை.

அப்பா